அம்மாவின் எழுபத்தைந்து: பழைய பம்பாயா, ஊர்க் கொடையா, பாட்டா, இட்லிக் கொப்பரையா?

எங்கள் அம்மாவுக்குக் கடந்த ஆடியில் எழுபத்தைந்து வயது நிறைந்தது. வரும் ஜனவரியில் அதை ‘தீம்’ வைத்துக் கொண்டாடுவது என்று பிள்ளைகள் மூவரும் பேசி முடித்தோம். எந்த தீம் என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். ஒரு வயதுக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இந்த வழக்கம் மும்பையில் இப்போது தாத்தா பாட்டிகள் வரை வந்துவிட்டதால், அலங்காரம் செய்து தருகிறவர்களிடம் படம் போட்ட ஆல்பமே இருக்கிறது; விரலை வைத்துக் காட்டினால் போதும், அச்சடித்த திரையும் பலூன் வளைவும் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்கும். அந்த ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, குடும்பத்துக்குள் எழுந்த நான்கு யோசனைகளை மட்டும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு வீடுகளுக்கும் இது உதவலாம்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது. நாங்குநேரிப் பக்கம் ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்தவர். 1969-இல், பதினெட்டாவது வயதில், கல்யாணம் ஆன கையோடு தாராவிக்கு வந்தார். 1974 முதல் 2008 வரை இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுத்தார். இப்போது முழங்கால் இரண்டும் வலிக்கின்றன, சர்க்கரை இருக்கிறது, இடது காதில் கருவி இருக்கிறது. அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இந்தக் கடைசிச் செய்தி விழாவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் தம்பதியாக மனையில் உட்கார வேண்டிய சடங்குகள் என்பதால், அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த மேடை கிடையாது. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு வந்தால் யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்கிற பழக்கம் அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. பிறந்தநாள் விழாவுக்குச் சாத்திரம் ஏதும் இல்லை. முன்னால் யார் நிற்கலாம், விளக்கை யார் ஏற்றலாம் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. தீம் வைப்பதை வீண் ஆடம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் சம்மதித்ததே இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அதனால், வந்த யோசனைகள் ஒவ்வொன்றிலும் நான் தேடியதும் ஒன்றே ஒன்றுதான்: அந்த மாலையில் அம்மா பேசுகிறவராக இருப்பாரா, அல்லது மற்றவர்கள் பார்ப்பதற்காக உட்கார வைக்கப்பட்டவராக இருப்பாரா?

பழைய பம்பாய் என்ற யோசனை பேரப்பிள்ளைகளுடையது. டிராம், கறுப்பு மஞ்சள் டாக்சி, ஈரானி ஓட்டலின் பளிங்கு மேசை, சிவப்பு இரட்டை மாடி பஸ் ஆகியவற்றைத் தெர்மகோலில் செய்து நிறுத்தி, வருகிறவர்கள் அறுபதுகளின் உடையில் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். பார்க்க அழகாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பம்பாயில் டிராம் கடைசியாக ஓடியது 1964 மார்ச் 31-இல். அம்மா இந்த நகரத்தில் கால் வைக்கும்போது அது நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஈரானி ஓட்டலுக்குள் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. டாக்சியில் ஏறியது பிரசவ வலியோடு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான். இரட்டை மாடி பஸ் ஒன்றுதான் அவருக்கும் அந்தப் படத்துக்கும் பொதுவானது, அதிலும் மாடிக்கு ஏறப் பயந்து கீழேயே நின்று வந்ததாகச் சொல்லுவார்.

அவருடைய பம்பாய் வேறு. எழும்பூர் வரை மீட்டர் கேஜ் ரயிலில் வந்து, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு மாறி, அங்கே பம்பாய் மெயிலைப் பிடித்து, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், பூனா என்று புரியாத ஊர்ப்பெயர்களை எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தவர் அவர். வந்த புதிதில், 1966-இல் தொடங்கப்பட்டிருந்த சிவசேனா தென்னிந்தியர்களுக்கு எதிராகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால், மராட்டி தெரியாமல் கடைக்குப் போகவே அஞ்சினார். குழாயடியில் நள்ளிரவில் பக்கெட்டை வரிசையில் வைத்தது, 1992–93 கலவர நாட்களில் அடுப்பை அணைத்துவிட்டுப் பத்தடிக்குப் பத்தடி கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) எங்களை உள்ளே வைத்துப் பூட்டியது ஆகியவையும் பழைய பம்பாய்தான். இவற்றைப் பலூன் வளைவுக்குப் பக்கத்தில் வரைந்து வைக்க முடியாது. வரையாமல் விட்டால் அது அம்மாவின் ஊர் ஆகாது. பேரப்பிள்ளைகள் இணையத்தில் பார்த்து ஆசைப்படுகிற ஒரு நகரத்தை ஆச்சியின் பெயரில் கட்டுவதாகத்தான் முடியும்.

இந்த யோசனையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது நினைவுச் சுவர் ஒன்று. பழைய படங்களோடு 1976-இல் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு குடியிருப்பவர்களுக்கு அடையாளமாகத் தந்த போட்டோ பாஸ், முதல் ரேஷன் கார்டு, மஞ்சளாகிப்போன லைட் பில் ஆகியவற்றையும் ஒட்டலாம் என்றாள் அண்ணன் மகள். அம்மாவின் இருபத்தைந்து வயது முகம் அந்த போட்டோ பாஸில் மட்டும்தான் இருக்கிறது என்பதால் ஆசை நியாயமானது. ஆனாலும் தாராவி மறுசீரமைப்புக்கான வீடு வீடான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியதிலிருந்து, 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்டுகிற ஒவ்வொரு தாளும் வீட்டுக்குச் சமம். கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம். மூலம் ஒன்றுகூட அண்ணன் வீட்டு பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது. இப்படிக் காகிதங்களோடு வாழ்கிற எந்தக் குடும்பத்துக்கும் இதே எச்சரிக்கையைச் சொல்லுவேன்.

ஊர்க் கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, அண்ணனின் விருப்பம். ஓலைப் பந்தல், வாசலில் குலை வாழை, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, சுக்குக் காப்பி, கருப்பட்டி மிட்டாய், சாப்பாட்டுக்குச் சொதி என்று கேட்கிறபோதே நாக்கில் ஊறுகிற திட்டம் அது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்த ஊர் இனிப்பாகவே இருக்கிறது. அம்மாவுக்கு அது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய ஊர், கிணற்றுக்கு நடந்த ஊர். இருந்தும், நான்கு யோசனைகளில் அம்மா அதிகம் பேசக்கூடிய இடம் எது என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தாத்தா காலையிலும் மாலையிலும் பனையேறியது பற்றி அவரைத் தொடங்க வைத்துவிட்டால் நிறுத்துவது கடினம்.

இதற்கு எதிராக நிற்பவையும் உண்டு. ஜனவரியில் பதநீரும் கிடையாது, நுங்கும் கிடையாது. ஓலைப் பந்தலை மும்பையில் போட்டால் துணியில் அச்சடித்த ஓலைதான் வரும். வில்லுப்பாட்டுக் குழுவை ஊரிலிருந்து வரவழைத்தால் ரயில் டிக்கெட்டும் தங்கும் இடமும் சேர்ந்து மற்ற எல்லாச் செலவையும் மிஞ்சிவிடும். பணத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா சொன்ன பதில்தான் தீர்மானமானது. “சாமிக்குக் குடுக்க கொடைய எனக்குக் குடுக்கப் போறியளா?” என்று கேட்டார். அதற்கு மேல் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கொடை என்பது ஊரின் நேர்த்தி. அதை ஒரு மனிதரின் பிறந்தநாளுக்கு அலங்காரமாக்குவதில் அவருக்குக் கூச்சம் மட்டுமில்லை, பயமும் இருந்தது. பெரியவர்களுக்கு தீம் வைக்கிறவர்கள் கோயிலையும் சாமியையும் தொடுகிற யோசனைகளை அவர்களிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஆகவே கொடையை விட்டுவிட்டு ஓலையை மட்டும் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அம்மாவுக்கு இன்றும் கண்ணை மூடிக்கொண்டே ஓலைப்பெட்டி முடையத் தெரியும். குருத்தோலைக் கட்டு ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட்டால் வளையும் பதத்தோடு வந்து சேரும்; ஒரு மூலையில் பிள்ளைகளை உட்கார வைத்து அவரே சொல்லிக் கொடுக்கலாம்.

பாட்டுக் கச்சேரி என் தங்கையின் கணவர் சொன்னது. இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அம்மாவின் சிறு வயதில் தென்கோடியில் இலங்கை வானொலி வீட்டு வானொலிபோலவே கேட்டது. கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடிய காலத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்த்ததும் உண்டு. ஆகவே பழைய பாட்டு அவருக்குப் பிடிக்கும். ஆனால் காதுக் கருவி பாட்டை மட்டும் பொறுக்கி எடுத்துத் தராது. சிறிய ஹாலில் ஆர்க்கெஸ்ட்ராவின் ஸ்பீக்கர் அதிர்ந்தால் பேச்சும் பாட்டும் தட்டுச் சத்தமும் ஒன்றாகக் கலந்து, அம்மா கருவியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். தன் விழாவில் தானே எதையும் கேட்காமல் இருக்கிற அவரைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. மறதி நோய் தொடங்கிய பெரியவர்கள் இருக்கிற வீட்டில் நான் இதற்கு நேர்மாறாகச் சொல்லுவேன். பெயர்களும் முகங்களும் நழுவிய பிறகும் பழைய பாட்டின் வரிகள் நெடுநாள் தங்கியிருப்பது பலருக்கும் தெரிந்ததே. அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லிய ஒலியில் பாட்டு மட்டுமே தீமாக இருந்தால் போதும். எங்கள் வீட்டுக்கு அது பின்னணியில் இருக்கட்டும்.

இட்லிக் கொப்பரை என்ற யோசனையை வைத்தவன் நான். அதனால் பக்கச் சார்பு இருக்கும் என்பதை வாசிக்கிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். முப்பத்து நான்கு வருடம் அம்மா எழுந்தது இரவு இரண்டு மணிக்கு. முதலில் ஆட்டுரல், பிறகு கிரைண்டர். உளுந்து போதுமா என்று பார்க்க ஒரு துளி மாவைத் தண்ணீரில் போடுவார், மிதந்தால்தான் வழிப்பார். தட்டில் ஈரத் துணி விரித்து ஊற்றி, வெந்ததும் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி ஒட்டாமல் வரும். ஐந்தரைக்கு விற்கிற பையன்கள் அலுமினியச் சட்டியோடும் சட்னித் தூக்கோடும் சைக்கிளில் ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு மாட்டுங்கா, தாதர், பரேல் என்று பிரிந்து போவார்கள். 1982 ஜனவரி 18-இல் துணி மில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது பரேல் பக்கம் வாங்க ஆளில்லாமல் போனது. கடன் சொன்ன மில் தொழிலாளிகளிடம் அம்மா கேட்கவும் இல்லை, அந்தப் பையன்களை நிறுத்தவும் இல்லை, அவர்களை ஆபீஸ்கள் இருக்கிற பக்கமாகத் திருப்பிவிட்டார். அந்த வருடத்துக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. எழுத்துக்குப் பதில் ஆளுக்கொரு கோடும் புள்ளியுமாக, அவருக்கு மட்டுமே வாசிக்கத் தெரிந்தது.

தங்கை இதைக் கடுமையாக எதிர்த்தாள். “எழுபத்தஞ்சு வயசுலயும் அம்மாவ அடுப்புக்கு முன்னாலயே உக்கார வைக்கணுமா?” என்ற அவளுடைய கேள்வி, மற்ற மூன்று யோசனைகளுக்கும் எழுந்த எந்த ஆட்சேபத்தையும்விடக் கனமானது. உழைப்பிலிருந்து மீண்டு வந்த ஒருவரை அந்த உழைப்பின் நடுவிலேயே மறுபடி நிறுத்துவது கொண்டாட்டமா என்பதும், நன்றாகப் படித்து வேலைக்குப் போன பேரப்பிள்ளைகளின் நண்பர்கள் வந்து நிற்கிறபோது வறுமையைக் கண்காட்சியாக்குவது ஆகாதா என்பதும் உண்மையான கவலைகள். இவற்றுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கோலியையும் குழாயடியையும் செட் போடுவதாக இருந்தால் தங்கை சொல்வது சரி. ஆனால் அந்தத் தொழிலில் அம்மா ஏழையாக நடத்தப்படவில்லை, முதலாளியாக நடத்தப்பட்டார். பையன்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேறு எந்த இடத்திலும் அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, மாவாட்டுவதும் ஊற்றுவதும் உரிப்பதும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செய்து, சரியில்லாத ஈடைத் திருப்பி அனுப்புகிற அதிகாரம் அவரிடம் இருந்தால், அது அடுப்படியில் தள்ளுவது ஆகாது. தங்கை பாதிதான் ஏற்றுக்கொண்டாள். விஷயத்தை அம்மாவிடமே கொண்டுபோனோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விழாவை ரகசியமாக வைத்து அன்றைக்கு அம்மாவைத் திகைக்க வைக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் விரும்பினார்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவரை இருட்டு ஹாலில் கூச்சல் போட்டு வரவேற்பது நல்லதில்லை என்பதோடு, கேட்காமல் தேர்ந்தெடுத்திருந்தால் நாங்கள் டிராமையோ கொடையையோ கட்டி முடித்திருப்போம். கேட்டதால் கிடைத்த பதில்: “ஆட்டுறது நீங்க, அவிக்கது நீங்க. கணக்க மட்டும் நான் பாத்துக்கிடுதேன்.” அதோடு மூன்று நிபந்தனைகளும் வந்தன. இட்லி துணியில்தான் ஊற்ற வேண்டும். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலையைக் கூட்டிக் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. விற்ற பையன்கள் எல்லாரும் வர வேண்டும், வருகிற அவர்களுக்குத்தான் முதல் ஈடு.

செலவைப் பொறுத்தவரை, டெக்கரேட்டர் டிராமுக்கும் திரைக்கும் போட்டோ பூத்துக்கும் சேர்த்து 40,000 ரூபாய் கேட்டார். எடுத்த எடுப்பிலேயே பணம் அலங்காரத்துக்குப் போய்விட்டால் சாப்பாட்டில் கைவைக்க வேண்டியிருந்திருக்கும். இட்லிக்கு வேண்டியது வாடகைக் கிரைண்டர் இரண்டு, பெரிய கொப்பரை மூன்று, அரிசி, உளுந்து, தேங்காய், ஜெராக்ஸ் கடை பில். மீதியில் அம்மாவுக்கு அவர் பல நாளாகத் தள்ளிப்போடுகிற முழங்கால் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். அண்ணன் தங்கத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். அது தனிச் சண்டை.

நாளையும் இடத்தையும் பற்றிய ஒப்பீடும் இதோடு சேர்ந்ததே. கொடை முடிந்த மறுவாரம் பிறந்ததாக அம்மா சொல்லும் ஆடி மாதம் மும்பையில் அடைமழைக் காலம். சயானும் கிங்ஸ் சர்க்கிளும் அந்த மாதத்தில் தண்ணீரில் நிற்பது வாடிக்கை, 2005 ஜூலை 26-ஐ யாரும் மறக்கவும் இல்லை. ஆதார் அட்டை அவர் 1951 ஜனவரி 1-இல் பிறந்ததாகச் சொல்லுகிறது. அது பதிவு செய்தவர் போட்ட தேதி. இருந்தாலும் ஜனவரி நகரத்தின் நல்ல பருவம் என்பதால், அரசாங்கம் தந்த பிறந்தநாளை ஒருமுறையாவது பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. இரவுக் குளிரில் மாவு புளிக்க நேரம் அதிகம் எடுக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். முதல் நாள் மதியமே ஆட்டி முடித்துவிட வேண்டும்.

இடத்துக்கு, நவி மும்பை நெருளில் என் வீட்டுச் சொசைட்டி ஹால் விசாலமானது, லிஃப்ட் உண்டு, மேற்கத்தியக் கழிப்பறை உண்டு. ஆனால் தாராவியிலிருந்து வருகிற வயதானவர்கள் குர்லாவில் இறங்கி ஹார்பர் வண்டிக்கு மாற வேண்டும், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துகிற ஞாயிறு மெகா பிளாக் அந்தப் பாதையில் விழுந்தால் மதியம் முழுக்கத் தவிப்புத்தான். அண்ணன் வீடு எல்லாருக்கும் பக்கம், ஆனால் ஏணிப்படி செங்குத்து. அம்மாவே அதில் ஏறி மாதங்கள் ஆகின்றன. கடைசியில் சயான் கோலிவாடாவில் மைனியின் அக்கா குடியிருக்கிற கட்டடத்தின் தரைத்தள ஹாலைக் கேட்டு வைத்திருக்கிறோம். சிறியது, வெக்கையாகவும் இருக்கும். கொப்பரைகளை வெளியே நடையில் வைத்தால் சமாளிக்கலாம். நேரம் ஞாயிறு மாலை ஐந்து முதல் எட்டரை வரை. ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும் என்ற விதியால் எங்களுக்குத் தொல்லை இல்லை, அம்மா ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார்.

அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில்தான் இப்போது வேலை மீதம் இருக்கிறது. விற்ற பையன்கள் என்று நாங்கள் சொல்லுகிறவர்களுக்கே இன்று அறுபதுக்கு மேல் ஆகிறது. சிலர் ஊரோடு போய்விட்டார்கள், ஒருவர் அம்பர்நாத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், மற்றவர்களை அண்ணன் தொண்ணூறு அடி ரோட்டில் டீக்கடை டீக்கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எத்தனை கிலோ ஊறப்போடுவது என்று சொல்ல முடியும் என்கிறார் அம்மா.